நாக்கடியில் ஒரு மாத்திரை

அத்தியாயம் 11

"விழுங்கியாச்சா மாமி?"

சரோஜம் தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் மாத்திரை வெளியே விழுந்துவிடும்.

நீது டம்ளரை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். அவள் முதுகு மறையும்வரை சரோஜம் அசையவில்லை. பிறகு இருமுவதுபோல் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். நாக்கின் அடியில் கரையத் தொடங்கியிருந்த வெள்ளை மாத்திரை துணிக்குள் விழுந்தது. கசப்பு மட்டும் தொண்டையில் நின்றது.

படுக்கையறை அலமாரியில், பட்டுப்புடவைகளுக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் டப்பா இருந்தது. அதைத் திறந்து இன்றைய மாத்திரையையும் போட்டாள். போன வாரத்திலிருந்து சேர்ந்தவை எல்லாம் உள்ளே கிடந்தன. சனிக்கிழமை மகன் ஷிபு கொச்சியிலிருந்து வருவான். அவன் முன்னால் இந்த டப்பாவைக் கவிழ்க்க வேண்டும். 'உனக்க பெண்டாட்டி எனக்குத் தந்த மருந்து இதாக்கும். நீயே கொண்டுபோய் யாரிட்டயாவது காட்டு' என்று சொல்ல வேண்டும்.

வேறு வார்த்தை வேண்டாம். அவளுக்கு ஆதாரம் கையில் இருந்தது.

மணக்காட்டில் இருக்கும் இந்த வீட்டுக்கும், சாலைக் கடைத்தெருவில் இருக்கும் பாத்திரக்கடைக்கும் கணவர் சற்குணம் காலமான பிறகு அவள்தான் எல்லாம். உருளி, நிலவிளக்கு, செப்புக்குடம் எதுவானாலும் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்லுவாள். அப்படிப்பட்டவள் அந்தக் கடையிலேயே இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டாள். போன வாரம் ஒரு கல்யாண வீட்டாருக்கு நிலவிளக்கை எடுத்துக் கொடுக்கும்போது கண் இருட்டி, அடுக்கி வைத்திருந்த உருளிகளோடு சரிந்தாள். தெருவே கூடிவிட்டது.

பிரஷர் அவளுக்குப் புதிதல்ல. வருடக்கணக்காக மஞ்சள் மாத்திரை ஒன்று சாப்பிட்டு வந்தாள். ஒரு தொந்தரவும் இல்லை. நீது மருந்துப் பொறுப்பை எடுத்துக்கொண்ட பிறகுதான் மஞ்சள் போய் வெள்ளை வந்தது.

"கடையில அந்தக் கம்பெனி ஸ்டாக் இல்ல மாமி. மருந்து அதுதான்."

அட்டையைக் காட்டு என்றால், எறிந்துவிட்டேன் என்பாள். மாத்திரைகளை மொத்தமாகப் பிரித்து, கிழமை எழுதிய பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு வைத்துவிடுவாள்.

வெள்ளை வந்து கொஞ்ச நாளில், தூக்கம் சரியில்லாத ஒரு காலையில், லேசான தலைசுற்றலும் வந்தது.

கொழுந்தன் நாகேஸ்வரனிடம் ஒருநாள் மனம்விட்டுச் சொன்னாள். அவர் கணவரின் தம்பி, அடுத்த தெருவில் சின்னக் கடை வைத்திருப்பவர். அவர் தன் சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். அதே கம்பெனி, அதே மஞ்சள்.

"எனக்கும் பிரஷர் உள்ளதுதானே மைனி. நான் சாப்பிடுதது இதாக்கும். இதுதான் ஒரிஜினல். வெள்ளையை நம்பாதீங்க. நான் ஒண்ணும் சொல்லல, பாத்து நடந்துக்கிடுங்க."

நான் ஒண்ணும் சொல்லல என்று சொல்லிவிட்டுப் போனவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

அன்று முதல் வீட்டில் மருமகள் முன்னால் வெள்ளை, கடைக்கு வந்ததும் ஒரு காப்புக்காக மஞ்சள். அப்போதும் மயக்கம் நிற்கவில்லை. முன்பைவிட மோசமாயிற்று. உருளிகளோடு விழுந்ததும் அப்போதுதான். அதன் பிறகே வெள்ளையை நாக்கடியில் ஒதுக்கத் தொடங்கினாள். ஒதுக்கிய மறுநாளே தலை ஓரளவு தெளிந்தது.

இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

போதாக்குறைக்கு, நேற்று பின்வாசலில் நின்று நீது போனில் ஷிபுவிடம் மலையாளத்தில் பேசியது சுவர் வழியாகக் காதில் விழுந்தது. "அம்மை இனி கடயில் இரிக்கண்டா. நமுக்கு ஒரு தீருமானம் எடுக்கணம்."

இனி அம்மா கடையில் இருக்க வேண்டாமாம். ஒரு முடிவு எடுக்க வேண்டுமாம்.

சரோஜம் குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்பட்டாள். வாசலில் நீது வாந்தி எடுத்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூன்றாம் மாசம். ஒரு கணம் சரோஜத்தின் கால் நின்றது. எலுமிச்சை பிழிந்து கொடுத்துவிட்டுப் போகலாமா?

கொடுக்கவில்லை. போய்விட்டாள்.

* * *

நீது துணி துவைக்க எடுத்தபோது மாமியாரின் புடவை முந்தானையில் சுண்ணாம்பு போல ஒரு வெள்ளைக் கறை இருந்தது. முந்தாநாள் புடவையிலும் அதே இடத்தில் அதே கறை. விரலால் சுரண்டி நுனிநாக்கில் வைத்தாள். கசந்தது.

மாமியாரின் அலமாரியைத் திறந்தாள். திறக்கக்கூடாது என்று தெரியும். ஆனாலும் திறந்தாள்.

புடவைகளுக்குப் பின்னால் இருந்த டப்பாவைத் திறந்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

மாமி மாத்திரையே சாப்பிடவில்லை! தினமும் என் கண்முன்னால் விழுங்கியதாகத் தலையாட்டிவிட்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறாள். எதற்கு? ஒருநாள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக்கொள்ளவா? மாமா போன பிறகு மாமி சரியாகத் தூங்குவதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அல்லது வேறு எதற்கோ. யாரிடமோ காட்டுவதற்கு. டப்பாவின் மூடிமேல் ஷிபு பெயர் எழுதியிருக்கவில்லைதான். ஆனாலும் பட்டுப்புடவைக்குப் பின்னால் இவ்வளவு பத்திரமாக வைப்பது யாரிடம் காட்ட?

ஷிபுவை அழைத்தாள். அவன் குரல் தாழ்ந்திருந்தது. "மீட்டிங்ல இருக்கேன் நீது. என்னாச்சு?"

"அம்மா மாத்திரையைத் துப்புதாங்க. டப்பாவுல சேத்து வச்சிருக்காங்க."

"துப்புதாங்களா? ஏன்?"

"என்னைக் கேட்டா? நான் விஷம் தாறேன்னு நினைக்காங்களோ என்னவோ."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை அவளுக்கே உறைத்தது. ஒரு வாரமாக மாமி பேசாமல் இருந்தது, சோற்றைத் தானே பரிமாறிக்கொண்டது, தன்னுடைய டம்ளரைத் தனியாகக் கழுவி வைத்தது எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

நீது டப்பாவையும் மாத்திரைப் பெட்டியையும் கைப்பையில் போட்டாள். பெட்டியில் நிரப்பாத புது அட்டை ஒன்று மேசையில் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு, கடைத்தெருவை ஒட்டிய கிழக்கேகோட்டைக்கு பஸ் ஏறினாள்.

* * *

கடையில் நாகேஸ்வரன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். கண் மட்டும் மேல்தட்டிலிருந்து பின்சுவர் வரை நிதானமாகப் போய்வந்தது.

"வீட்டுல இருந்து ரெஸ்ட் எடுங்க மைனி. எனக்க கடையை மூடிட்டு நான் இஞ்ச வந்து இருக்கேன். அண்ணன் இருந்தா இதைத்தான் சொல்லுவாரு."

"அண்ணன் இருந்தா நான் சொல்லுததைத்தான் அவரு சொல்லுவாரு" என்றாள் சரோஜம். அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். பர்ஸிலிருந்து மஞ்சள் மாத்திரையை எடுத்து விழுங்கி, தண்ணீர் குடித்தாள். நாகேஸ்வரன் திருப்தியோடு தலையசைத்தார்.

அப்போதுதான் நீது உள்ளே வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. எவர்சில்வர் டப்பாவை மேசைமேல் வைத்துத் திறந்தாள்.

"இது என்ன மாமி?"

சரோஜம் நாற்காலியில் நிமிர்ந்தாள். சனிக்கிழமைவரை காக்க வேண்டியிருக்கவில்லை.

"அதை நான்லா உன்னிட்ட கேக்கணும். இது என்ன பிள்ளே?"

"உங்களுக்க பிரஷர் மாத்திரை."

"எனக்க பிரஷர் மாத்திரை மஞ்சளாக்கும். இது நீ கொண்டுவந்த மாத்திரை. இது உள்ள போனா எனக்கு மயக்கம் வருது. போகாட்டா தலை தெளியுது. இதுக்கு என்ன அர்த்தம்? நீயே சொல்லு."

"நான் என்ன செஞ்சேன்னு சொல்லுதீங்க?"

"அம்மை இனி கடயில் இரிக்கண்டான்னு சொன்னது ஆரு? நான் செவிடுன்னு நினைச்சியா?"

தெருவில் போன இரண்டு பேர் நின்றார்கள். நாகேஸ்வரன் எழுந்து, "விடுங்க மைனி, நாலு பேரு பாக்காங்க" என்றார். ஆனால் வாசலை மறைத்து நிற்கவோ, கதவைச் சாத்தவோ அவர் முயலவில்லை.

நீதுவின் கண்ணில் நீர் தளும்பியது. அதைத் துடைக்காமலேயே டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்தாள்.

"விஷம்னா நான் தின்னு காட்டுதேன். அப்பமாவது நம்புவீங்கள்லா?"

அவள் கை உதட்டருகே போயிருந்தது. சரோஜம் எப்படி எழுந்தாள், எப்படி மேசையைச் சுற்றி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஓங்கி ஒரு அடி. மாத்திரை பறந்துபோய் எங்கேயோ பித்தளைக்குள் விழுந்து கிண்ணென்றது.

"வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு என்ன கூத்து காட்டுதே? அறிவு கெட்டவளே!"

அடுத்த நொடியே சரோஜத்தின் கண்முன் எல்லாம் கறுத்தது. கை மேசையைத் தேடியது. கிடைக்கவில்லை. அடித்த அந்தக் கையையே இறுகப் பிடித்து, நீதுதான் அவளைத் தாங்கி மெல்லத் தரையில் உட்காரவைத்தாள்.

"ஆட்டோ விளிக்கணும். டாக்டர்ட்ட போணும்" என்றாள் நீது.

"டாக்டர் எதுக்கு?" என்றார் நாகேஸ்வரன். "வெயிலு. கொஞ்சம் மோரு குடிச்சா சரியாகும். நான் வீட்டுல கொண்டு விடுதேன்."

தரையில் உட்கார்ந்திருந்த சரோஜம் மூச்சு வாங்கினாள். வெள்ளை உள்ளே போகவில்லையே. பிறகு ஏன் இந்த மயக்கம்? அந்தக் கேள்வி அவளைப் பயமுறுத்தியது. ஆனால் பிடிவாதம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"போவோம்" என்றாள். "டாக்டரே சொல்லட்டும், அது என்ன மாத்திரைன்னு."

* * *

டாக்டர் சிஜி மலையாளத்தில் தொடங்கி, சரோஜத்தின் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். உட்காரவைத்து பிரஷர் பார்த்தார். எழுந்து நிற்கச் சொல்லி மறுபடியும் பார்த்தார். இரண்டாவது முறை பார்த்ததும் உதட்டைக் கடித்தார்.

"எழும்பி நிக்கும்போ பிரஷர் சட்டுனு குத்தனே இறங்குது. அதுதான் கண்ணு இருட்டுது. என்னென்ன மருந்து கழிக்கிறீங்க, சாப்பிடறீங்க? எல்லாத்தையும் மேசையில வைங்க."

நீது பெட்டியையும் டப்பாவையும் புது அட்டையையும் வைத்தாள்.

"வேற?"

சரோஜம் பர்ஸை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அம்மா, வேற ஏதாவது உண்டா? லேகியம், வலி மாத்திரை, ஆராவது கொடுத்தது?"

சரோஜம் பர்ஸைத் திறந்து மஞ்சள் அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். நீது அதைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

டாக்டர் இரண்டு அட்டைகளையும் திருப்பிப் பின்பக்கம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பெரிய எழுத்தில் இருந்த கம்பெனிப் பெயர்கள் வேறு வேறு. அவற்றின் கீழே பொடி எழுத்தில் இருந்த மருந்தின் பெயரைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார்.

"டெல்மிசார்டன். இதுலயும் டெல்மிசார்டன். ரெண்டும் ஒரே மருந்து. கலரு கம்பெனிக்காரன் இஷ்டம்."

சரோஜம் இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆனா ஒண்ணு. நான் உங்களுக்கு எழுதினது நாற்பது மில்லிகிராம். வெள்ளை நாற்பதுதான். இந்த மஞ்சள் எண்பது. இது ஆரு எழுதினது?"

"எழுதினது இல்ல" என்றாள் சரோஜம். "சொந்தக்காரரு தந்தாரு. அவருக்கும் பிரஷர்."

"அவரோட பிரஷருக்கு எழுதின மருந்து உங்க உடம்புக்கு எப்படிச் சரியாகும்? ரெண்டையும் சேத்துச் சாப்பிட்டீங்களா?"

சரோஜம் தலையாட்டினாள். இந்த முறை வாயில் எதுவும் இல்லை. ஆனாலும் பேச முடியவில்லை.

"அப்போ மயங்கி விழாம இருந்தாத்தான் அதிசயம். வெள்ளையைத் துப்பினதும் தெளிஞ்ச மாதிரி இருந்திருக்கும். மொத்த அளவு குறைஞ்சதுல்லா? ஆனா மஞ்சள் தனியாவே உங்களுக்குக் கூடுதல்தான். அதான் இன்னைக்கும் இருட்டியிருக்கு."

டாக்டர் நீதுவின் பக்கம் திரும்பினார். "மோளே, நீ அட்டையை எறியறது தப்பு. மாத்திரையைப் பெட்டியில போட்டாலும் அட்டையை வச்சிருக்கணும். கம்பெனி மாறினா பேரை அம்மாவுக்குக் காட்டி வாசிச்சுச் சொல்லணும். அவங்க சாப்பிடறது அவங்களுக்குத் தெரியவேண்டாமா?"

நீது தலைகுனிந்தாள். "சமயம் இல்லாம... சாரி டாக்டர்."

"அம்மா, மருந்து ஒத்துக்கலைன்னு தோணினா துப்பக்கூடாது. நேரே இஞ்ச வரணும். பேசாம மொத்தமா நிறுத்தியிருந்தீங்கன்னா பிரஷர் ஏறி வேற ஆபத்தா முடிஞ்சிருக்கும். மஞ்சளைத் தொடாதீங்க. இன்னைக்கு இனி எந்த மாத்திரையும் வேண்டாம். இங்கயே கொஞ்சநேரம் படுங்க, ரத்தம் எடுத்து கிட்னியும் உப்பும் பாக்கணும். நாளைக் காலைல வந்து பிரஷர் காட்டுங்க, பிறகு தொடங்கலாம்."

நீது தயங்கினாள். பிறகு சொன்னாள். "டாக்டர், நான் இதுல ஒண்ணை... சாப்பிடப் போனேன். சாப்பிடல. மாமி தட்டிவிட்டுட்டாங்க."

டாக்டரின் பேனா நின்றது. "எத்தனை மாசம்?"

"மூணு."

"கர்ப்பிணிகள் தொடவே கூடாத மாத்திரை இது, குழந்தைக்குக் கேடு." டாக்டர் சரோஜத்தைப் பார்த்தார். "அது உங்களுக்குத் தெரியுமா அம்மா?"

"தெரியாது" என்றாள் சரோஜம். "நான் விஷம்னுல்லா நினைச்சேன்."

சொன்ன பிறகு பரிசோதனைக் கட்டிலில் படுத்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நீது கட்டிலருகே வந்து நின்றாள். தொடலாமா கூடாதா என்று தெரியவில்லை. கடைசியில் தொடவில்லை. போர்வையை மட்டும் கால்வரை இழுத்துவிட்டாள்.

நீதுவே பேச்சைத் தொடங்கினாள். "ஒற்றைக்கு இரிக்கண்டான்னு சொன்னேன் மாமி. தனியா இருக்காண்டாம்னு. ரெண்டு தடவை விழுந்த பிறகு எனக்குப் பயம். கடைக்கு ஓராளை வச்சுத் தரணும்னு ஷிபுவிட்ட சண்டை போட்டேன்."

"ஒற்றைக்கு என்கிறது சுவரைத் தாண்டி வரல பிள்ளே."

அவ்வளவுதான் சொன்னாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல சரோஜத்துக்கு இந்த ஜென்மத்தில் பழக்கமில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆட்டோவை நிறுத்தி நாலு எலுமிச்சம்பழம் வாங்கினாள். வீடு வந்ததும் நீதுவை உட்காரச் சொல்லி, உப்புப் போட்டுப் பிழிந்து கொண்டுவந்து கொடுத்தாள். தனக்கும் ஒரு டம்ளர் வேண்டும் என்று நீட்டிய கையை நீது பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு உப்பு குறைச்சு, மாமி."

சரோஜத்துக்குச் சிரிப்பு வந்தது. பல நாட்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

* * *

சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்கு நாகேஸ்வரன் வந்தார். கையில் ஒரு சீப்பு ஏத்தம்பழம்.

"இப்ப எப்படி இருக்கு மைனி? எனக்க கடையைப் பூட்டிட்டு நேரே வாறேன். மனசே கேக்கல."

"கொள்ளாம், பரவாயில்ல தம்பி. இருங்க."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

சரோஜம் பதில் சொல்ல வாயெடுத்தாள். ஏனோ நிறுத்திக்கொண்டாள். கூடத்தின் ஓரத்தில் நீது துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளும் எதுவும் சொல்லவில்லை.

"ரத்தம் எடுத்திருக்காங்க" என்றாள் சரோஜம். "நாளைக்குத்தான் தெரியுமாம்."

"அது போதும். நீங்க பயப்படாண்டாம். அந்தப் பிள்ளையையும் ஏசாதீங்க." நாகேஸ்வரன் குரலைத் தாழ்த்தினார். அன்பாகத்தான் பேசினார். "வெள்ளையும் மஞ்சளும் ஒரே மருந்துதானே மைனி. கொஞ்சம் கூடிப்போச்சு. அதுக்குப் போயி ஆராவது இவ்வளவு பதறுவாங்களா? ரெண்டு மாசம் வீட்டுல இருங்க, எல்லாம் சரியாகும்."

நீதுவின் கையில் மடிந்துகொண்டிருந்த துணி அப்படியே நின்றது.

சரோஜம் அவரையே பார்த்தாள். அவர் சாயாவை ஊதி ஊதிக் குடித்தார், பேரப்பிள்ளை பிறக்கப்போவதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார், செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கேட் சத்தம் கேட்டது.

"நீ அவருகிட்ட சொன்னியா?" என்றாள் சரோஜம்.

"இல்ல மாமி. காலையில கடையில பாத்ததுதான்."

"ஷிபு?"

"ஷிபுகிட்ட, வீட்டுக்கு வந்துட்டோம்னு மட்டும்தான் சொன்னேன். மாத்திரை விஷயம் நேருல பேசலாம்னு வச்சிருந்தேன்."

டாக்டர் அறையில் இருந்தது மூன்று பேர்தான். வெள்ளையை நம்பாதீங்க என்று சொன்ன அதே மனிதருக்கு, இரண்டும் ஒன்று என்று எப்போதிருந்து தெரியும்?

மருந்துக்கடையில் யாராவது சொல்லியிருக்கலாம். பேச்சுவாக்கில் அவராகவே ஊகித்திருக்கலாம். இன்று காலையில் கை நிறைய ஆதாரத்தோடு ஓர் ஆளைத் தவறாகச் சந்தேகப்பட்டவள் அவள். இப்போது கையில் ஆதாரம் எதுவும் இல்லை. இருப்பது ஒரே ஒரு வாக்கியம்.

"நீ என்ன பிள்ளே நினைக்கே?" என்று கேட்டாள். இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் மாமியார் தன்னிடம் கேட்ட முதல் அபிப்பிராயம் அது என்பது நீதுவுக்குத் தெரிந்தது.

"எனக்குப் பயமாயிட்டு இருக்கு மாமி" என்றாள் நீது.

சரோஜம் போனை எடுத்தாள். மணி அடிக்க அடிக்க வாசல் கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"லே மக்கா ஷிபு, சனிக்கிழமைவரை காக்காண்டாம். நாளைக்கே கிளம்பி வா. வாற விவரம் சித்தப்பாவுக்குத் தெரியாண்டாம்."